ரிலக்டன்ட்லி

காதர்பேட்டை நடைபாதையில்
நூறு ரூபாய்க்கு ஒரு அகராதி வாங்கினேன்.
அதில் ஒரு சொல்லுக்கு எதிரே ஏழு சொற்கள்,
சீருக்கு வந்த ஒறம்பரை மாதிரி
எல்லாம் ஒரே நேரத்தில் பேசும்.
யாரைக் கேட்பது?

அதனால் பையர் அனுப்பும் மெயில்களில் படித்தேன்.

டிஸ்கிரிபன்சி என்றால்
பேக்கிங் லிஸ்டில் நாற்பத்தெட்டு,
பெட்டிக்குள் நாற்பத்தேழு.
ஸ்ட்ரிஞ்சன்ட் என்றால்
உடைந்த ஊசிமுனை கிடைக்கும்வரை
லைன் முழுக்க நிற்கணும்.
இன்அட்வர்ட்டன்ட்லி என்பது
தப்பு பையருடையதாக இருந்தால் மட்டும் வரும்.
நாங்கள் செய்தால் அதற்கு நெக்ளிஜன்ஸ் என்று பேர்.

ஒவ்வொரு சொல்லும் தன் வாக்கியத்தோடுதான்
என் நோட்டில் ஏறும்.
ஒண்டியாக வருகிற சொல்லை நான் சேர்ப்பதில்லை,
குடும்பம் இல்லாத ஆளுக்கு வீடு விடாத
பி.என். ரோட்டு வீட்டுக்காரர் மாதிரி.

ரிலக்டன்ட்லியும் குடும்பத்தோடுதான் வந்தது.
ஹாம்பர்க்கிலிருந்து, மூன்று தடவை.
சாயம் அரை ஷேடு கம்மி, ரிலக்டன்ட்லி ஏற்றுக்கொள்கிறோம்.
ஒன்பது நாள் தாமதம், ரிலக்டன்ட்லி ஏற்றுக்கொள்கிறோம்.
மூன்றும் சரக்கு கப்பலேறிய நாட்கள்,
நாச்சிமுத்து அண்ணன் ஆபீசுக்கெல்லாம்
முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்த நாட்கள்.
பப்ஸ் வாசத்தில் எனக்கு அர்த்தம் விளங்கிற்று:
மனசார.

ஐப்பசியில் புது ஆர்டர்.
ஒரு லட்சத்து இருபதாயிரம் டி-ஷர்ட்,
பீசுக்குப் பதினொரு சென்ட் குறைத்து.
நூல் விலை ஏறிக் கிடந்த மாசம்.
அண்ணன் கால்குலேட்டரை ஐந்து முறை தட்டினார்,
ஆறாவது முறை அதைக் கவிழ்த்து வைத்தார்.
"சரின்னு போட்டுருங்க, கோகிலவாணி."

என்னிடமிருந்ததிலேயே நல்ல சொல்லை எடுத்தேன்.
உங்கள் விலையை ரிலக்டன்ட்லி ஏற்றுக்கொள்கிறோம்.
மரியாதையாக இருக்கட்டுமென்று
முன்னால் ஒரு மோஸ்ட் சேர்த்தேன்.

பொழுதோட ஹாம்பர்க் கூப்பிட்டது.
மோஸ்ட் ரிலக்டன்ட்லி என்று எழுதியிருக்கிறீர்களே,
எந்த இடத்தில் இடிக்கிறது, சொல்லுங்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
அப்புறம் பன்னிரண்டு நிமிஷம் பேசினார்,
வினைச்சொல்லே இல்லாத அவருடைய இங்கிலீஷில்:
கவுண்ட், கிலோ, ரூபாய், லாஸ்ட் மந்த், திஸ் மந்த்.

நாலு சென்ட் திரும்பி வந்தது.
பப்ஸ் வரவில்லை, திட்டும் வரவில்லை.
"அந்த வார்த்தைக்கு என்னுங்க அர்த்தம்?"
மனசில்லாமல்ங்க அண்ணா.
"அப்பச் சரியாத்தானே எழுதியிருக்கறீங்க."

மறுநாள் டீ நேரம்,
செக்கிங் டேபிள் சஞ்சுக்தா பக்கத்தில் வந்து நின்றாள்.
ஒடிசாவிலிருந்து வந்து பதினாலு மாசம்,
சூப்பர்வைசர் திட்டுகளிலேயே தமிழ் படித்தவள்.
அக்கா, பொக்குன்னு போச்சு, அது என்ன?

பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
துக்கம் இல்லை.
வெசனமும் இல்லை, வெசனம் நாலு நாள் தங்கும்.
ஏமாற்றம் என்று சொல்லலாம், ஆனால் அது
இஸ்திரி போட்ட சொல்.

ஓடிப் போய்ப் படியில் கால் வைக்கையில்
பஸ் நகர்ந்துவிட்டால், என்றேன்.
ஊரிலிருந்து போன் என்று எடுத்தால்
லோன் வேணுமா மேடம் என்று ஒருத்தி கேட்டால்.

சஞ்சுக்தா டம்ளரை ஆட்டி ஆட்டிக் குடித்தாள்.
மூன்றாவதை அவளே சொன்னாள்:
சம்பளக் கவரை எண்ணினால்.
சரியா அக்கா?

சரி என்றேன்.
அவள் பெயர் போட்டு அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டேன்.
தமிழுக்கென்று தனிப் பக்கம் நான் வைக்கவில்லை.
டிஸ்கிரிபன்சிக்குக் கீழே
கொஞ்சம் இடம் இருந்தது.